தேளின் நடு வெள்ளியும் இரண்டு மணிக்கூடுகளும்

ஜூலை 24, 2000. திங்கள்

வானத்தில் தேள் மாதிரி நிற்கிற நட்சத்திரக் கூட்டத்தின் தலையில் இருக்கிற நடு வெள்ளி திடீரென்று வெளிச்சம் கூடிவிட்டது, உலகம் முழுக்க அதே கதை, அதை ஜூன் மாதத்திலேயே அளந்து எழுதின ஆள் எங்களிடம் இருக்கிறாள்!!!

சரி. மூச்சு விடு. ஒழுங்காக எழுது.

காலையிலிருந்து சோளகக் காற்று. நான் வேலை செய்கிற போன் கடையின் வாசலை இரண்டு தரம் கூட்டியும் மேசையெல்லாம் புழுதி. கடைக்காரர் செல்வம் அண்ணை கொம்பியூட்டரை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். துடைத்தது போல நடித்தேன்.

காலையில் வெளிநாட்டுக் கோல் எடுக்க வருகிறவர்கள் குறைவு. அந்த இடைவெளியில்தான் என் மின்மடல்கள். வெள்ளி பார்க்கிற பைத்தியங்கள் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் எழுதும் குழு ஒன்று. அதில் நான் 'வவுனியா வாணி'. என் முகம் ஒருவருக்கும் தெரியாது, என் இங்கிலீசுப் பிழைகள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குத் திறந்தால் மடல் குவிந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு. உலகத்தின் மற்றப் பக்கத்தில் ஒருவர் வெறுங்கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தாராம். பெரிய கருவி வைத்திருக்கிறவர்கள் உடனே திருப்பிப் பார்த்தார்களாம். அந்த வெள்ளியைச் சுற்றி வாயுத் தட்டு! புதுசாக உண்டாகிக்கொண்டிருக்கிறது! இப்போது!

நான் எழும்பின வேகத்தில் மௌஸ் கீழே விழுந்தது.

"என்ன பிள்ளை, ஆரும் செத்துப்போச்சினமோ?" செல்வம் அண்ணை.

"இல்லை அண்ணை. ஒரு வெள்ளி கொழுத்திட்டுது."

"உனக்கு விசர் முத்தீட்டுது. லைனை விடு, ஆக்கள் வரப்போகினம்."

ஜூனிலேயே அளந்த ஆள் யார் என்றால் ஜெசிந்தா. இனி ஜெ. மல்லாவியில் மரத்துக்குக் கீழே நடந்த பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து போன ஆட்கள், அவர்கள் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த ஆட்கள். நான் அம்மாவோடு வவுனியாவுக்கு வந்துவிட்டேன். அவள் இன்னும் அங்கேதான், புலிகளின் கட்டுப்பாட்டுப் பக்கம். இங்கே இரவில் ஆமி முகாம் வெளிச்சம் வானத்தைத் தின்றுவிடும். அங்கே கரண்டே இல்லை. அங்கத்தைய வானம் மாதிரி ஒரு வானம் இந்தக் குழுவில் ஒருவருக்கும் கிடையாது.

மே மாதம் நான்தான் அவளுக்கு எழுதினேன். பழகுவதற்கு, சும்மா. தேளின் தலையில் நடு வெள்ளியையும், வால் தொடங்கும் இடத்தில் இருக்கிற வெள்ளியையும் ஒப்பிடு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம், கண்ணை இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோ, எது எத்தனை படி கூட என்று எழுது.

ஆனால் எங்கள் கடிதங்கள் வழியில் சோதனைச் சாவடியில் திறந்து வாசிக்கப்படும். இலக்கமும் குறியும் இருந்தால் சங்கேதம் என்பார்கள். கொண்டு வருகிற ஆளுக்குத்தான் வில்லங்கம். அதனால் நடு வெள்ளிக்கு 'அக்கா', வால் வெள்ளிக்கு 'சின்னம்மா' என்று பேர் வைத்தோம். அவள் கடிதங்களை இப்போது வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்:

ஜூன் தொடக்கம்: "அக்காவும் சின்னம்மாவும் ஒரே உடம்பு. ஏழேகாலுக்குப் பாத்தனான்."

ஜூன் நடு: "அக்கா கொஞ்சம் சதை வைச்சிட்டா. ஏழேகால்."

ஜூன் கடைசி: "அக்கா ஒரு சுத்துப் பெருத்திட்டா. சின்னம்மா பக்கத்தில நிக்கேலாது. ஏழேகால்."

ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். ஏழரைக்கு வீட்டில் செபமாலை தொடங்கும், அதற்கு முன் ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

தட்டு பிறக்கும் நாட்களை அவள் பார்த்திருக்கிறாள். தெரியாமலே!

எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, உள்ளூர் நேரத்தில் ஆறு மணித்தியாலம் கழித்துக் கிரீனிச் நேரமாக்கி, குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பார்த்தவர்: ஜெசிந்தா, மல்லாவி. அவள் பேரை முதலில் போட்டேன். என் பேரைக் கீழே.

ஜூலை 25. செவ்வாய்

நித்திரை இல்லை. காற்று இன்னும் அடங்கவில்லை.

வாசித்ததை எனக்கு விளங்கின மாதிரி இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வெள்ளி சூரியனைவிடப் பல மடங்கு சூடு, நீல வெள்ளை. சுழற்சி பயங்கர வேகம். சுழல்கிற வேகத்தில் இடுப்புப் பக்கம் தன் வாயுவையே பிடித்து வைக்க முடியாமல் வீசிவிடுகிறது. வீசின வாயு திரும்பி விழுந்துவிடவும் இல்லை, தப்பி ஓடவும் இல்லை. இடுப்பைச் சுற்றித் தட்டுப் போல நிற்கிறது. வெள்ளியின் சூட்டில் அந்தத் தட்டும் ஒளிர்கிறது. நமக்கு இரண்டு வெளிச்சமும் சேர்ந்து ஒரே புள்ளி. ஆக வெள்ளி வளரவில்லை, தான் எறிந்ததாலேயே பெரிதாகத் தெரிகிறது.

ஏன் இப்போது? கூடவே ஒரு சின்ன வெள்ளி நீண்ட பாதையில் சுற்றுகிறதாம், இந்த வருசம்தான் மிகக் கிட்ட வருகிறதாம். அதுதான் உலுப்பியிருக்கும் என்று சிலர். இல்லை என்று சிலர். நல்ல சண்டை. நான் உலுப்பல் கட்சி.

இப்படி வேகமாகச் சுழல்கிற வெள்ளிகளைப் பற்றிப் பொதுவாக மே மாதக் கடிதத்தில் ஜெ.க்கு விளக்கியதற்கு அவள் எழுதின பதில்: "விளங்கீட்டுது. மாரியில மட்காட் இல்லாத சைக்கிள் ஓடினா முதுகெல்லாம் சேறு. அதுதானே? உதைச் சொல்ல உனக்கு நாலு பக்கம் தேவைப்பட்டதோ?"

குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: இந்த நாட்களுக்கு வேறு அளவுகள் மிகக் குறைவு, மல்லாவியிலிருந்து வந்தவை சரியென்றால் தங்கம்.

தங்கம்!

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, "அந்தப் பிள்ளை சாப்பிடுறாளோ எண்டு ஒருக்கா எழுதிக் கேட்டனியே?" என்றா. கேட்கவில்லை. நான்கு கடிதத்திலும் கேட்கவில்லை.

ஜூலை 28. வெள்ளி

போச்சு.

குழுவை நடத்துகிறவரின் மடல். மரியாதையான இங்கிலீசு. சாரம் இது: நீங்கள் தந்த நேரத்தில் உங்கள் இடத்தில் சூரியன் மறைந்து கால் மணித்தியாலம்தான். வானம் இன்னும் நீலம். இந்த இரண்டு நட்சத்திரங்களும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எல்லா நாளும் அதே நேரம், ஆகவே ஒன்றுகூட நம்பத்தக்கதல்ல. நீக்கிவிட்டோம். இளையவர்களின் ஆர்வத்தை மதிக்கிறோம், ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது எல்லோருக்கும் கெடுதல்.

எல்லோருக்கும் தெரியும்படி குழுவிலேயே போட்டிருக்கிறார்.

அதுக்குக் கீழே ஒருவன் சிரிக்கிற முகக் குறி. முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும். அவ்வளவுதான் எழுதினான். அதுதான் அதிகம் சுட்டது.

முதலில் கோபம் அவர் மேல்தான். விசரன், கதிரையில் இருந்துகொண்டு என் வானத்தைப் பற்றிக் கதைக்கிறான் என்று. பிறகு பின்னேரம் வீட்டுக்குப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏறி நின்றேன். கையில் மணிக்கூடு. ஏழேகால்.

நீலம். வெறும் நீலம். தெற்கே ஒரு காகம் போனது. தேளும் இல்லை, தேளின் கொடுக்கும் இல்லை.

"இறங்கடி, ஆரும் சுடப்போறான்" என்று அம்மா கீழே நின்று கத்தினா.

அவர் சொன்னது சரி.

அப்படியென்றால் ஜெ.?

ஜூலை 29. சனி

பொய்க்காரி.

எழுதக் கூசுகிறது, ஆனால் வேறு என்ன? பார்த்திருக்க முடியாது. என் கண்ணாலேயே சோதித்துவிட்டேன். நான் ஆசைப்பட்டேன், அவள் எனக்குச் சந்தோசம் தர எழுதியிருக்கிறாள். ஒரே உடம்பு என்று எழுதி அலுத்துப்போய், கதை நல்லாயிருக்கட்டும் என்று அக்காவைக் கொழுக்க வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், கட்டுரையில் இல்லாத மாமாவை எல்லாம் கொண்டு வருவாள். அவள் கொழுக்க வைத்த நேரம் பார்த்து வெள்ளி உண்மையாகவே கொழுத்தது தற்செயல்.

தற்செயலாக நடக்குமா? நடக்கும். நடந்திருக்கிறது.

பவளமக்கா இன்றைக்கு மல்லாவிக்குத் திரும்பிப் போகிறா. மாதம் ஒரு தரம், சில வேளை இரண்டு மூன்று தரம் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து மருந்து வாங்கிக்கொண்டு போகிறவ. ஜூலையில் இந்த ஒரு தரம்தான், அவசரத்தில் ஜெ.யின் கடிதம் எடுக்காமல் வந்திருந்தா. எங்கள் கடிதமெல்லாம் அவவின் கைப்பையில்தான். கடையில் நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். இந்தத் தரம் அக்காவும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. நேராக எழுதினேன். நீ பார்க்கவே இல்லை. ஏழேகாலுக்கு ஒரு வெள்ளியும் தெரியாது என்று எனக்குத் தெரியும். உலகத்துக்கு முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய். என் பேரும் போச்சு. இனி எனக்கு ஒன்றும் எழுதாதே.

"முகம் சரியில்லையே பிள்ளை. நல்ல செய்திதானே குடுத்து விடுறாய்?" பவளமக்கா.

"ஓம் அக்கா. நல்ல செய்திதான்."

ஒட்டினேன். கொடுத்தேன். பஸ் போய்விட்டது.

ஓகஸ்ட் 2. புதன்

காற்று. புழுதி. மொடெம் கத்திக் கத்தி நின்றுவிடுகிறது. நல்லது, நிற்கட்டும்.

குழுவுக்குள் போகவில்லை. போனேன். ஒரு நிமிசம். தட்டைப் பற்றித்தான் கதை, நாளுக்கு நாள் புதுப்புது அளவுகள். தட்டில் இருக்கிற ஐதரசன் வாயுவின் சிவப்பு ஒளி வலுத்துக்கொண்டு போகிறதாம். நான் தொடங்கின கதை மாதிரி இருக்கிறது, நான் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நின்று பார்த்தேன். முகாம் வெளிச்சம் ஒரு பக்கம், அடுத்த வீட்டு ஜெனரேற்றர் பல்பு மறு பக்கம். நடுவில் தேள். அக்கா நன்றாகத்தான் பெருத்திருக்கிறா. வெட்கமில்லாமல் மினுங்குகிறா.

செய்ய வேண்டியவை: மண்ணெண்ணெய். அம்மாவின் செருப்புத் தைக்க. ஜெ.யின் கடிதங்களைக் கிழிக்க.

கிழிக்கவில்லை.

ஓகஸ்ட் 5. சனி

கை ஓடவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பரமேஸ்வரியம்மா என்று ஒரு அம்மா. மல்லாவிக்கு அங்கால், துணுக்காய்ப் பக்கம். நேற்றுத்தான் பாஸில் வந்தவ. மகன் சுவிசில். இன்றைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு எடுக்கச் சொல்லி ஏற்பாடு. பத்துக்கு மகன் எடுத்தார். அம்மா இல்லை. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப எடுத்தார். இல்லை. வேலைக்குப் போக வேண்டும், இனி நாளைக்குத்தான் என்று வைத்துவிட்டார்.

அம்மா வந்து ஏறினபோது கடை மணிக்கூட்டில் பத்தரை. புதுச்சீலை, தலைக்கு எண்ணெய் வைத்து, போனுக்கு முன்னால் இருக்கிறதுக்கே வெளிக்கிட்டு வந்திருந்தா.

"அம்மா, மகன் எடுத்து வைச்சிட்டார்" என்றேன்.

"என்ன வைச்சிட்டாரோ? பத்துக்கெண்டுதானே சொன்னவன்."

"இப்ப பத்தரை அம்மா."

"ஆர் சொன்னது? இஞ்ச பார்." கையை நீட்டினா. ஆம்பிளை மணிக்கூடு, பெரிசு, மகன் விட்டுப்போனதாக இருக்கும். சரியாகப் பத்து.

செல்வம் அண்ணை எழும்பி வந்தார். "அம்மா, அது அங்கத்தைய பழைய நேரம். இஞ்ச புது நேரம். அரை மணித்தியாலம் முந்தி. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே."

"எனக்கும் தெரியும் தம்பி! அவசரத்தில முள்ளைத் திருப்ப மறந்துபோனன். அதுக்காக? அரை மணித்தியாலத்தை ஆர் திண்டது? உங்களுக்கு வேற சூரியனோ?"

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பழைய நேரம்.

அரசாங்கம் நாலு வருசத்துக்கு முந்தி மணிக்கூட்டை முன்னால் தள்ளினது, புலிகளின் பக்கம் அதை ஏற்காமல் பழையபடியே ஓடுகிறது. ஜெ. பழைய நேரத்தில் ஏழேகால். இங்கே அது ஏழே முக்கால்.

எனக்கும் தெரிந்த விசயம்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் மே மாதக் கடிதங்களிலேயே பேசி வைத்தோம்: கொழும்பு ரேடியோவின் நேரத்தையே எழுதுவது, குழப்பம் வராது. அவர்கள் வீட்டில் ரேடியோ இருந்தது. அங்கே பற்றறி கிடைக்காது. தம்பி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாடும். அந்த நேரத்துக்குத்தான் நான் ஆறு மணித்தியாலம் கழித்தேன்.

ஓடிப்போய் அவள் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஜூன் முதல் கடிதம், இரண்டாம் பக்கம், நான் வெள்ளி தேடித் தாண்டிப் போன பக்கம்: "தம்பி சைக்கிளோட மாமா வீட்டை போயிட்டான். ரேடியோ ஊமை. இப்ப கோயில் மணியோடதான் எங்கட சீவியம். கஞ்சிதான் கனநாள். அம்மாவுக்குக் கால் வீக்கம்."

கோயில் மணி. அங்கத்தைய கோயில், அங்கத்தைய நேரம். அவள் சொல்லியிருக்கிறாள். கஞ்சியும் கால் வீக்கமும் இருந்த பந்தியில் சொல்லியிருக்கிறாள். நான் அந்தப் பந்தியை வாசிக்கவில்லை.

பின்னேரம் தொட்டிக்கு மேல் ஏறினேன். ஏழேகால், நீலம். அப்படியே நின்றேன். அம்மா கத்திக் கத்தி ஓய்ந்துபோனா. ஏழே முக்கால். தேள் முழுசாக, தலை, நெஞ்சு, வால், ஒன்று விடாமல் நின்றது.

பரமேஸ்வரியம்மா கடை பூட்டும் வரை வாங்கில் இருந்தா. பாஸ் இன்றோடு முடிகிறது, நாளைக்கு நிற்க முடியாதாம். மகன் எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 6. ஞாயிறு

கோயில், கடை, ஒன்றும் இல்லை. செல்வம் அண்ணையின் வீட்டுக்குப் போய்த் திறப்பு வாங்கிக் கடையைத் திறந்தேன். குழுவுக்கு நீண்ட மடல். எல்லா அளவுக்கும் அரை மணித்தியாலம் கூட்டி, காரணம் எழுதி, மன்னிப்பும் கேட்டு. இந்த நாட்டில் ஒரு வீதியால் ஒரு பக்கம் போனால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும் என்று இங்கிலீசில் எழுதிப் பார்த்தால் பொய் மாதிரியே இருக்கிறது.

ஜெ.க்கும் எழுதினேன். ஒரு பக்கம். முதல் வரி: அம்மாவின் கால் எப்படி?

கொடுக்க ஆள் இல்லை. பாதை பூட்டு. அங்கால் சண்டையாம். வெடிச்சத்தம் இங்கேயும் கேட்டது, கதவு அதிர்ந்தது.

என் கோபக் கடிதம் எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ. பவளமக்காவின் பை எங்கேயாவது தொலைந்திருக்க வேண்டும். மழையில் நனைந்திருக்க வேண்டும். மழை எங்கே, சோளகத்தில்.

ஓகஸ்ட் 9. புதன்

பதில் வந்துவிட்டது. குழுவில் அல்ல, எனக்கு மட்டும். அதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

சாரம்: எங்களிடம் உள்ள அட்டவணைப்படி உங்கள் தீவு முழுவதற்கும் ஒரே நேரம்தான். தவறு சுட்டிக்காட்டப்பட்ட பிறகு, தவறு மறையும் அளவுக்குச் சரியாக அரை மணித்தியாலத்தை எல்லா அளவுக்கும் கூட்டியிருக்கிறீர்கள். இதை ஏற்க முடியாது. அதே பகுதியிலிருந்து, உங்களோடு தொடர்பில்லாத இன்னொருவர் அந்த நாட்களில் பார்த்ததைத் தந்தால் திரும்ப யோசிக்கலாம்.

செல்வம் அண்ணைக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, "அந்தாள்ல பிழையில்லை. இந்தத் தீவுக்கு எத்தினை நேரம் எண்டு எங்களுக்கே ஒழுங்காத் தெரியாது. அட்டவணைக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"அட்டவணையில இல்லாட்டி நாங்கள் இல்லையோ அண்ணை?"

"அதை என்னட்டக் கேளாதை. எனக்கு அடையாள அட்டை இல்லாட்டியே நான் இல்லை."

சிரித்தார். எனக்கு வரவில்லை. குழுக்காரர் எனக்குச் சொன்ன சொல்லையே நான் ஜெ.க்குச் சொன்னேன். அந்த ஆள் என்னை நம்பாதது ஒன்று. பார்த்துப் பழகாத ஆள். அவள் பக்கத்தில் இரண்டு வருசம் வாங்கில் இருந்த நான்?

நேற்று நிலா தேளின் தலைக்குக் கிட்டவே வந்து நின்றது. ஒன்றும் ஒப்பிட முடியவில்லை.

ஓகஸ்ட் 19. சனி

பாதை திறந்துவிட்டது. பவளமக்கா வந்துவிட்டா. கால் முழுக்கப் புழுதி, கண் சிவப்பு. இருக்கச் சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடியும் வரை கேட்கப் பயமாக இருந்தது. அவவே பையைத் திறந்தா.

ஒரு மடிப்புக் காகிதம். முழுவதும் இதுதான்:

"வாணி, நீ சொன்னது சரி. நான் ஒண்டும் பாக்கேல்லை. அக்காவும் இல்லை சின்னம்மாவும் இல்லை. எல்லாம் நான் கட்டின கதை. ஜூலையில எழுதி வைச்சதுகளை அடுப்பில வைச்சிட்டன். உன்ர பேரை நல்லபடியாக் காப்பாத்து."

பேர் போடவில்லை.

இரண்டு தரம் வாசித்தேன். அவள் எனக்கு எழுதினதிலேயே பொய் இது ஒன்றுதான்.

"அக்கா, என்ர கடிதத்தை வாசிக்கேக்க அவள் என்ன செய்தவள்?"

"முதல் சிரிச்சவள்." பவளமக்கா சோடாப் போத்திலைச் சுற்றிக்கொண்டிருந்தா. "உவளுக்கு எப்பவும் பகிடிதான் எண்டு சொன்னவள். பேந்து திரும்ப வாசிச்சவள். பேந்து குசினிக்குள்ள போனவள். நான் தேத்தண்ணி போடப் போறாளாக்கும் எண்டு இருந்தன். காகிதம் எரியிற மணம் வந்தது."

"நிறையக் காகிதமோ?"

"ஒரு கொப்பியளவு இருக்கும். தாய் பேசினவ, தேத்தண்ணி கொதிக்க முந்தி அடுப்பு அணையுது எண்டு." பிறகு என்னைப் பார்த்தா. "நல்ல செய்தி எண்டெல்லே சொன்னனீ?"

ஜூலை முழுக்க. தட்டு வளர்ந்த மாதம் முழுக்க. எனக்கு அனுப்பக் காத்திருந்தது. அதுதான் எரிந்தது.

நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினேன். பவளமக்கா வாங்கவில்லை. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, "ஆரிட்டக் குடுக்க? அவையள் போன கிழமை எழும்பீட்டினம். கடற்கரைப் பக்கம் திரும்பிப் போகினம் எண்டு கதை. தகப்பனுக்கு வயல் வேலை சரிவரேல்லை. முல்லைத்தீவோ, அங்கால எங்கையோ. நான் அந்தப் பக்கம் போறேல்லைப் பிள்ளை" என்றா.

"ஆரிட்டயாவது கேட்டு?"

"கேக்கிறன். கிடைச்சாக் குடுக்கிறன். ஆனா நம்பியிராதை."

பிறகு வாங்கினா. பைக்குள் வைத்தா, மருந்துப் போத்தல்களுக்கு நடுவில்.

ஓகஸ்ட் 20. ஞாயிறு

ஒன்றும் எழுத மனமில்லை. வெக்கை. அம்மா, "அந்தப் பிள்ளைக்கு எழுதினனியோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். எப்போது எழுதினது, என்ன எழுதினது என்று அவ கேட்கவில்லை.

ஓகஸ்ட் 21. திங்கள்

காலை எட்டு மணிக்கே கடை. செல்வம் அண்ணையிடம் கேட்டேன், சுவரில் ஒரு காகிதம் ஒட்டலாமா என்று.

"என்ன காகிதம்? கடன் சொல்லாதேங்கோ எண்டு ஒட்டு, அது உபயோகம்."

சொன்னேன். அங்கால் இருந்து கோல் எடுக்க வருகிற சனம் எல்லாம் இந்தக் கடைக்குத்தான் வருகிறது. அவர்களில் யாராவது ஜூனில், ஜூலையில் பொழுதுபட்டபின் மேலே பார்த்திருப்பார்கள். பங்கருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள், மாடு தேடினவர்கள், விமானம் வருகிறதா என்று பார்த்தவர்கள். அங்கே வானம் பார்க்காத சனம் உண்டா?

அவர் தலையைச் சொறிந்தார். "பிள்ளை, உன்ர குழுக்காரன் கேட்டதுக்காகவோ, அந்தப் பெட்டைக்காகவோ?"

"குழுக்காரன் கிடக்கட்டும் அண்ணை. அவன் சேர்த்தாலும் சேர்க்காட்டியும் காரியமில்லை. அவள் பாத்தவள் எண்டு ஒராள் சொல்ல வேணும். நான் சொல்லி இனி அவள் நம்ப மாட்டாள்."

"அவள் எங்க இருக்கிறாள் எண்டே தெரியாது உனக்கு."

"காகிதத்தை வாசிக்கிறவையில ஆரோ ஒராள் கடற்கரைப் பக்கம் போவினம்தானே."

பசைப் போத்தலை எடுத்துத் தந்தார். "மணிக்கூட்டுக்குக் கீழ ஒட்டு. எல்லாரும் அங்கதான் பாக்கினம்."

பெரிய எழுத்தில் எழுதினேன். இந்தத் தரம் எல்லாம் நேராகவே. இதுதான்:

"மல்லாவி, துணுக்காய், புளியங்குளம், முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வருகிற ஆட்களுக்கு. ஆனி, ஆடியில் பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் தெற்கே தேள் வெள்ளிகளைப் பார்த்தீர்களா? தலையில் நடு வெள்ளி வழக்கத்தைவிட வெளிச்சமாக நின்றதா? பார்த்தவர்கள் தயவுசெய்து இங்கே வாணியிடம் சொல்லுங்கோ. பார்த்த வேறு ஆட்களைத் தெரிந்தால் கேட்டு வந்து சொல்லுங்கோ. பழைய நேரம், புது நேரம், எந்த நேரத்தில் சொன்னாலும் எழுதுவேன். திரும்பிப் போகிறவர்கள் அங்கே ஜெசிந்தா என்ற பிள்ளையைக் கண்டால், ஜூன் மாதத்தில் அதை முதலில் பார்த்தவள் அவள்தான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுங்கோ."